எரிக் கோட்ஸ்: மெட்டு எல்லாருக்கும் தெரியும், ஆளை ஏன் தெரியவில்லை?

ரேடியோப்பெட்டி

பி.பி.சி.யின் 'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்' நிகழ்ச்சியை இங்கே நாலைந்து பேராவது கேட்பீர்கள். ஆளில்லாத தீவில் தனியாக மாட்டிக்கொண்டால் எந்த எட்டு இசைத்தட்டு வேண்டும் என்று விருந்தினரிடம் கேட்பார்களே, அது. 1942 ஜனவரியில் ஆரம்பித்தது, இன்னும் ஓடுகிறது. தொடக்கத்தில் கடற்பறவைகளின் கத்தலோடு சோம்பலாக ஒரு வால்ட்ஸ் நடன இசை வரும். அதை எழுதியவர் எரிக் கோட்ஸ். 'பை தி ஸ்லீப்பி லகூன்', 1930.

பெயரைப் பிடித்துக்கொண்டு போனால், 'டேம் பஸ்டர்ஸ்' போர்ப்படத்தின் அணிநடையும் (மார்ச்) இவருடையதாம். இங்கிலாந்து கால்பந்து ரசிகர்கள் தொண்டை கிழியப் பாடும் அதே மெட்டு. இத்தனை காதுகளில் விழுந்த ஒருவரை, நம் இழைகளில் இங்கிலாந்து இசையமைப்பாளர்களில் எல்கரா வான் வில்லியம்ஸா என்று அடித்துக்கொள்ளும்போது ஒருத்தர்கூட எடுப்பதில்லையே, ஏன்? மெல்லிசை (லைட் மியூசிக்) என்றால் அவ்வளவு இளக்காரமா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

நடுவரிசை

இளக்காரம் உண்டு. ஆனால் முழுக் காரணம் அதில்லை. என்னைக் கேட்டால், கோட்ஸை வளர்த்ததும் மறைத்ததும் ஒரே சங்கதிதான்: வானொலியின் சிக்னேச்சர் ட்யூன், அதாவது நிகழ்ச்சிக்கு முகப்பாக வரும் மெட்டு. அதற்கு வருவதற்கு முன் ஆள் எங்கிருந்து வந்தார் என்று சொல்லிவிடுகிறேன்.

நாட்டிங்ஹாம்ஷயரில் ஹக்னல் என்கிற சுரங்க ஊர். 1886 ஆகஸ்ட் 27 பிறப்பு. அப்பா டாக்டர், அம்மா பியானோ வாசிப்பவர். ஆறு வயதில் வயலின் கைக்கு வந்தது. நாட்டிங்ஹாமில் பாடம் சொன்ன எல்லன்பெர்கர், பேர்பெற்ற வயலின் கலைஞர் யோவாகிமிடம் படித்தவர். ஒரு நால்வர் குழுவுக்கு வயோலா (வயலினைவிடக் கொஞ்சம் பெரிது, சுருதி தாழ்ந்தது) வாசிக்க ஆள் தேவைப்பட, பையன் அந்தப் பக்கம் சாய்ந்தான். அப்பாவுக்கோ மகன் பேங்க் வேலைக்குப் போக வேண்டும். கடைசியில் 1906இல் லண்டன் ராயல் இசை அகாடமிக்கு விட்டுக்கொடுத்தார். அங்கே வயோலாவுக்கு லயனல் டெர்ட்டிஸ், இசையமைப்புக்கு ஃபிரெடரிக் கார்டர். வயலினில் தேறாதவன் எடுக்கிற வாத்தியம் என்று வயோலாவை ஒதுக்கிவைத்திருந்த காலத்தில், அதைத் தனிக்கச்சேரி மேடைக்கு ஏற்றியவர் இந்த டெர்ட்டிஸ்.

1908இல் ஹாம்பர்க் நால்வர் குழுவோடு தென்னாப்பிரிக்கப் பயணம். 1910இல் ஹென்றி வுட் நடத்திய குவீன்ஸ் ஹால் ஆர்கெஸ்ட்ராவில் இடம். 1912இலிருந்து அதன் முதல் வயோலா.

இந்த நாற்காலியைக் கவனியுங்கள். வயோலாக்காரருக்கு மெட்டு அபூர்வமாகத்தான் வரும். மேலே வயலின் பாடும், கீழே செல்லோ தாங்கும், இவர் நடுவில் உட்கார்ந்து இட்டு நிரப்ப வேண்டும். ஆனால் எந்த வாத்தியம் எதோடு சேர்ந்தால் என்ன நிறம் வருகிறது, எங்கே எழுத்து அதிகமாகி மெட்டு அமுங்குகிறது என்பதெல்லாம் அங்கிருந்து கேட்கிற மாதிரி வேறெங்கும் கேட்காது. அந்தக் குழு வாசித்த புரொமனேட் கச்சேரித் தொடரில் தினமும் ராத்திரி ஒரு நிகழ்ச்சி, ஒத்திகைக்கு நேரம் சொற்பம். 1912 செப்டம்பரில் பழைய இசை இலக்கணத்தை உடைத்த ஷோன்பெர்கின் ஐந்து ஆர்கெஸ்ட்ரா துண்டுகளை உலகத்திலேயே முதலில் வாசித்தது இந்தக் குழுதான். ஷோன்பெர்க் என்றால் என்னவென்றே தெரியாத எளிய மெட்டுக்காரர் என்று கோட்ஸை நினைப்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.

இடது கையில் நரம்பு அழற்சி பல வருஷமாகப் படுத்திக்கொண்டிருந்தது. 1919இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அதற்குப் பிறகு அவர் வயோலாவைத் தொடவே இல்லை.

குறுக்குசால்

33 வயதில் வேலை போய்விட்டது, கையும் சரியில்லை. இசையமைத்தே பிழைத்தார் என்கிறீர்கள். நம்பும்படி இல்லையே. மொட்ஸார்ட்டே கடனில் செத்தார். இவருக்கு எங்கிருந்து காசு?

நடுவரிசை

நியாயமான கேள்வி. பாட்டு விற்ற காசு.

அந்தக் காலத்தில் பதிப்பாளருக்கு வருமானம் அச்சிட்ட இசைத்தாளில்தான். மத்தியதர வீடு என்றால் ஒரு பியானோ இருக்கும், அதற்குப் பாட்டு வேண்டும். பதிப்பாளரே பாலட் (எளிய மெட்டுப் பாட்டு) கச்சேரிகள் நடத்துவார், பேர்பெற்ற பாடகருக்குப் பிரதிக்கு இவ்வளவு என்று ராயல்டி கொடுத்துத் தன் பாட்டைப் பாட வைப்பார். கேட்ட ஜனம் மறுநாள் கடையில் தாளை வாங்கும். 1909இல் கோட்ஸ் எழுதிய 'ஸ்டோன்கிராக்கர் ஜான்' இந்த வழியில்தான் பெரும்போடு போட்டது. வரிகள் ஃபிரெட் வெதர்லி. அவர் தொழில்முறை பாரிஸ்டர், 'டேனி பாய்' வரிகளும் அவருடையவையே. ஆக, ஆர்கெஸ்ட்ராவில் உட்கார்ந்திருந்தபோதே கோட்ஸுக்கு இன்னொரு வருமானம் வந்துகொண்டிருந்தது.

இரண்டாவது, 1914இல் இங்கிலாந்தில் நிகழ்த்துரிமைச் சங்கம் தொடங்கியது. ஒரு படைப்பு எங்கே பொதுவில் வாசிக்கப்பட்டாலும் எழுதியவருக்குக் கட்டணம் என்கிற ஏற்பாடு. அதன் ஆரம்ப உறுப்பினர்களில் கோட்ஸும் ஒருவர், பிற்பாடு அதன் பிரதிநிதியாக வெளிநாட்டு மாநாடுகளுக்கும் போனார். 1920களில் சாப்பல் பதிப்பகத்தோடு ஒப்பந்தம். வருஷத்துக்குப் பதினைந்து நிமிஷத்தில் ஓர் ஆர்கெஸ்ட்ரா படைப்பு, ஐந்து நிமிஷத்தில் ஒன்று, மூன்று பாட்டு. தையற்காரருக்கு அளவு கொடுத்த மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் 'தி செல்ஃபிஷ் ஜயண்ட்', 'தி த்ரீ பேர்ஸ்' போன்ற, குழந்தைக் கதையை இசையில் சொல்லும் ஃபேன்டசிகள் இப்படிப்பட்ட காலத்தில் வந்தவைதான்.

செல்வா_லண்டன்

நான் பேக்கர் ஸ்ட்ரீட்டுக்குக் கிட்டத்தான் வேலை செய்யிறன். ஸ்டேஷனுக்கு மேல சில்ட்டேர்ன் கோர்ட் எண்டு பெரிய கட்டடம். 1930களில கோட்ஸ் அதிலதான் ஃப்ளாட்டில இருந்தவர். வெளிச்சுவரில அவர்ர பேரோட நீலப் பலகை இருக்கு. எச். ஜி. வெல்ஸும் ஆர்னல்ட் பெனட்டும் அதே கட்டடத்தில இருந்த ஆக்கள்தான்.

சனம் லகூன் வால்ட்ஸைக் கேட்டுட்டு தெற்குக் கடல் தீவு, தென்னைமரம் எண்டு நினைக்குதுகள். உண்மையில அது வெஸ்ட் சஸெக்ஸில செல்சி கடற்கரை. ஒரு கோடைகாலப் பின்னேரம் தண்ணி அசையாமல் நீலமாக் கிடக்க, தூரத்தில பொக்னர் ரீஜிஸ் ஊர் அந்திவெயிலில இளஞ்சிவப்பாத் தெரிஞ்சதாம். அவர்ர மகன் ஒஸ்டின் சொன்ன கதை. பொக்னருக்குப் போனவைக்குத் தெரியும், அதைப் பாத்து இப்பிடி ஒரு இசை வாறதெண்டால் மனுசனுக்குக் கற்பனை சும்மா இல்லை! பறவைச் சத்தமும் ஹெரிங் கல் எண்ட வடபகுதிக் கடற்பறவையின்ரதான், வெப்பமண்டலப் பறவை இல்லை எண்டு ஆக்கள் இண்டைக்கும் பகிடி பண்ணுவினம்.

ரேடியோப்பெட்டி

செல்வா அண்ணா, அருமை. மகன் ஆஸ்டின் கோட்ஸ் என்றால் ஹாங்காங்கில் அரசு அதிகாரியாக இருந்து எழுத்தாளர் ஆனவர்தானே?

செல்வா_லண்டன்

ஓம், அவரேதான்.

நடுவரிசை

இப்போது சிக்னேச்சர் ட்யூன் கதைக்கு வருகிறேன்.

1933இல் கோட்ஸ் 'லண்டன் சூட்' எழுதினார். மூன்று பகுதி. முதலாவது கோவென்ட் கார்டன், அன்றைய காய்கறி, பழச் சந்தை. தரந்தெல்லா நடனத் துள்ளலில் 'செர்ரி ரைப்' என்கிற பழைய பாட்டைப் பின்னி எழுதியிருப்பார். இரண்டாவது வெஸ்ட்மின்ஸ்டர், நிதானமான தியானம், முடிவில் பிக் பென் மணியொலி. மூன்றாவது நைட்ஸ்பிரிட்ஜ் அணிநடை.

அதே ஆண்டு நவம்பரில் பி.பி.சி. 'இன் டவுன் டுநைட்' என்று ஒரு சனிக்கிழமை நிகழ்ச்சி தொடங்கியது. ஊருக்கு வந்திருக்கும் சுவையான ஆட்களைப் பேட்டி காண்பது. முகப்பாக நைட்ஸ்பிரிட்ஜ். பிக்காடிலியின் வண்டிச் சத்தம், வயலட் பூ விற்கிற பெண்ணின் குரல், 'நில்!' என்று ஓர் அதட்டல், சத்தம் முழுக்க அடங்கும். அப்புறம் பேச்சு. முதல் ஒலிபரப்புக்குப் பிறகு 'அந்த மெட்டு என்ன?' என்று பி.பி.சி.க்குக் கடிதம் ஆயிரக்கணக்கில் குவிந்தது. அதைப் பார்த்து அடுத்த தொகுப்பை ('லண்டன் அகெய்ன்', 1936) எழுதியபோது, பி.பி.சி. கட்டடம் இருக்கும் லாங்கம் பிளேஸ் பெயரில் ஒரு பகுதி வைத்து, அதில் பி, பி, சி என்கிற சுரங்களையே (மேற்கத்திய இசையில் சுரத்துக்கு ஆங்கில எழுத்துதான் பெயர்) மெட்டின் விதையாக வைத்தார். நைட்ஸ்பிரிட்ஜும் அதற்குள் எட்டிப் பார்க்கும். குறும்புக்காரர்.

பிறகு வரிசையாக வந்தன. 1940இல் 'காலிங் ஆல் ஒர்க்கர்ஸ்', 'மியூசிக் வைல் யு ஒர்க்' நிகழ்ச்சிக்கு முகப்பானது. 1942இல் லகூன். 1946இல் பி.பி.சி. தொலைக்காட்சி போருக்குப் பின் திரும்ப வந்தபோது அதற்கென்று ஓர் அணிநடை. 1955இல் வணிகத் தொலைக்காட்சி வந்தபோது ஏ.டி.வி. நிறுவனத்துக்கு இன்னொன்று. செத்துப் பத்து வருஷம் கழித்து, 1967இல் 'ஃபோர்சைட் சாகா' தொடருக்கு அவருடைய 'ஹால்சியன் டேஸ்'. அது 1944இல் எழுதிய 'தி த்ரீ எலிசபெத்ஸ்' தொகுப்பின் முதல் பகுதி.

இப்படி வாரம் தவறாமல் கேட்கிற இசைக்கு நிகழ்ச்சியின் பெயர்தான் ஒட்டிக்கொள்ளும். 'இன் டவுன் டுநைட் மெட்டு' என்றுதான் ஜனம் சொல்லும். கோட்ஸ் மெட்டு என்று சொல்ல ஒரு அவசியமும் இல்லை. பணம் நிகழ்த்துரிமைச் சங்கத்தின் வழியாக வந்து சேர்ந்தது, பெயர் வந்து சேரவில்லை.

ஆலைச்சங்கு

'மியூசிக் வைல் யு ஒர்க்' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள் ஐயா. நான் நூற்பாலையில் ஷிஃப்ட் பார்த்தவன். ஸ்பின்னிங் ஓடுகிற இடத்தில் எவன் பாட்டு கேட்பான்? பக்கத்தில் நிற்பவன் பேசுவதே உதடு பார்த்துத்தான் புரியும்.

நடுவரிசை

அதே பிரச்சினையைத்தான் அவர்களும் யோசித்தார்கள். 1940 ஜூனில், போர் உச்சத்தில், ஆயுதத் தொழிற்சாலைகளில் நீண்ட ஷிஃப்ட். உற்பத்தி தொய்கிற நேரம் பார்த்து அரை அரை மணியாக ஒலிபெருக்கியில் ஓயாமல் இசை. அதற்கு விதிகள் போட்டார்கள். சத்தம் ஏறி இறங்கக் கூடாது, ஏனென்றால் மெல்லிய பகுதி வந்தால் இயந்திர இரைச்சலில் காணாமல் போய்விடும். தாளம் ஒரே சீராகப் போக வேண்டும். மந்தமான பாட்டு வேண்டாம், தூக்கம் வரும். ரொம்ப முடுக்கான பாட்டும் வேண்டாம். 'டீப் இன் தி ஹார்ட் ஆஃப் டெக்சஸ்' பாட்டைத் தடையே செய்தார்கள். அதில் கைதட்டுகிற இடம் வரும்போது தொழிலாளிகள் கையில் இருக்கிற ஸ்பானரால் பெஞ்சிலும் இயந்திரத்திலும் தட்ட ஆரம்பித்தார்களாம்!

கோட்ஸ் அந்த அணிநடையை நிகழ்ச்சிக்காக எழுதவில்லை. மனைவி ஃபிலிஸ் செஞ்சிலுவைக் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார், அதையொட்டிப் பிறந்தது. வேலை செய்யும் எல்லாருக்கும் என்று சமர்ப்பணம். நிகழ்ச்சி 1967 வரை ஓடியது.

ஆலைச்சங்கு

ஸ்பானர் விஷயம் நூத்துக்கு நூறு நம்புகிறேன். எங்கள் ஃபிட்டர் பயல்களும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

குறுக்குசால்

எல்லாரும் தொழிற்சாலை, கடற்கரை என்று பேசிவிட்டு டேம் பஸ்டர்ஸைத் தாண்டிப் போகிறீர்கள். நான் நிறுத்துகிறேன்.

1943 மே 16-17 இரவு. பிரிட்டிஷ் விமானப்படையின் 617ஆம் ஸ்குவாட்ரன், 19 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள். ஜெர்மனியின் மோனே, ஈடர் அணைகள் உடைந்தன. 8 விமானங்கள் திரும்பவில்லை, விமானிகளில் 53 பேர் சாவு. சரி, அது அவர்கள் தரப்பு. கீழே வெள்ளத்தில் செத்தவர்கள் சுமார் 1,600 பேர். அதில் பெரும்பகுதி ஜெர்மானியர்கூட இல்லை, சோவியத் பகுதிகளிலிருந்து பிடித்துவந்து கட்டாய வேலை வாங்கிய பெண்களும் கைதிகளும். இதற்கு ஒரு குதூகல இசை. அதை இன்று ஜெர்மனியோடு ஆட்டம் என்றால் கையை இறக்கைபோல விரித்துக்கொண்டு பாடுகிறார்கள். மெட்டு நன்றாக இருக்கிறது என்பதே எனக்குக் கூடுதல் உறுத்தல்.

நடுவரிசை

உறுத்தல் நியாயம்தான். ஆனால் கோட்ஸின் கணக்கில் எதை எழுதுவது என்று பார்க்க வேண்டும். 1955இல் வந்த அந்தப் படத்துக்கு இசை லெய்டன் லூகாஸ். கோட்ஸுக்குப் படத்துக்கு எழுதுவதே பிடிக்காது, யாரோ வெட்டி ஒட்டுவார்கள் என்கிற பயம். கேட்டு வந்தபோது, ஏறக்குறைய முடித்து வைத்திருந்த ஓர் அணிநடையைக் கொடுத்தார் என்பது மகன் தரும் தகவல். அணை உடைவதை நினைத்து எழுதியதே அல்ல.

இசையாகவும் கேட்டுப் பாருங்கள். வேகமான முதல் பகுதி, பிறகு டிரையோ என்கிற நடுப்பகுதியில் அகலமாக, தலைநிமிர்ந்து வருகிற மெட்டு. அச்சு அசல் எல்கர் பாணி. அந்த டிரையோவில்தான் ஜனம் மயங்குகிறது. குதூகலம் என்று நீங்கள் சொல்வது முதல் பகுதிக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

குறுக்குசால்

தலைநிமிர்ந்து வருவதுதான் சிக்கலே. எல்கரின் அந்தத் தோரணை பேரரசின் தோரணை. எந்த நினைப்பில் எழுதினார் என்பது ஒரு பக்கம், அது எதற்குப் பயன்பட்டது, அவர் அதைத் தடுத்தாரா என்பது இன்னொரு பக்கம். பெயர் வைத்து, காசு வாங்கி, வெளியிட்டார் அல்லவா? நிகழ்ச்சிக்காக எழுதவில்லை, படத்துக்காக எழுதவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் சொல்கிறீர்கள். அப்படியானால் எதற்கு வேண்டுமானாலும் ஒட்டக்கூடிய இசையைத்தான் எழுதினார் என்று ஆகிறதே. எனக்கு மெல்லிசையோடு இருக்கிற சண்டை அதுதான்.

நடுவரிசை

எதற்கு வேண்டுமானாலும் ஒட்டும் என்பது பாதி சரி. ஆனால் ஒட்டக்கூடிய மாதிரி எழுதிய நூற்றுக்கணக்கானவர்களின் இசை காற்றோடு போய்விட்டது. இது நிற்கிறது என்றால் உள்ளே வேலைப்பாடு இருக்கிறது. ஸ்கோரை எடுத்து இரண்டாம் வயலினும் வயோலாவும் என்ன செய்கின்றன என்று பாருங்கள். மற்றவர்கள் 'உம்-சக்-சக்' என்று நிரப்பிவிட்டுப் போகிற இடத்தில் இவர் குட்டி எதிர்மெட்டு ஒன்றை ஓடவிட்டிருப்பார். பல வருஷம் நடுவில் உட்கார்ந்து அலுத்துப்போனவர், அந்த அலுப்பு இன்னொருவருக்கு வேண்டாம் என்று எழுதியது. வாசித்தவர்கள் இவரை விரும்பியதற்குக் காரணம் இதுவே. கோட்ஸின் இசைத்தட்டு எது வந்தாலும் தனக்கு அனுப்பிவிட வேண்டும் என்று கடையில் நிரந்தரமாகச் சொல்லி வைத்திருந்தவர் சாட்சாத் எல்கர். இளக்காரம் அங்கே இல்லை.

பேரரசுத் தோரணை பற்றி உங்களோடு வாதாட மாட்டேன்.

ரேடியோப்பெட்டி

அப்புறம் ஏன் இந்த வகையே அடங்கிப் போனது? கோட்ஸ் 1957 டிசம்பர் 21இல் சிசெஸ்டரில் காலமானார் என்று பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் இடத்துக்கு யாரும் வந்த மாதிரித் தெரியவில்லையே.

நடுவரிசை

வந்தார்கள், ஆனால் நிற்க இடம் இல்லை. இந்த இசை கச்சேரிக் கூடத்தில் மட்டும் வாழவில்லை. போர்ன்மத், ஈஸ்ட்போர்ன், டார்க்கி என்று கடலோர ஊருக்கு ஊர் நகராட்சி ஆர்கெஸ்ட்ரா, ஹோட்டல் குழு, உணவக மூவர் குழு, மௌனப்படக் கொட்டகைக் குழு. பேசும்படம் வந்ததும் 1930க்குள் கொட்டகைக் குழுக்கள் வீட்டுக்குப் போயின. பியானோ இருந்த மூலைக்கு ரேடியோ வந்தது. மிச்சம் வானொலி ஒன்றுதான். 1945இல் பி.பி.சி. லைட் புரோகிராம் என்கிற வானொலி அலைவரிசையைத் தொடங்கி இந்த இசைக்கு ஒரு தலைமுறை சோறு போட்டது. 1967இல் அது ரேடியோ 2 ஆனது, பாப் இசைக்கு ரேடியோ 1 தனியாக வந்தது. அவ்வளவுதான்.

ரொனால்ட் பிஞ்ச் அந்தக் கடைசி ஆட்களில் ஒருவர். டெர்பிக்காரர். மான்டோவானியின் மெல்லிசைக் குழுவில் வயலின்கள் அருவிபோல் வழியும் அந்த ஓசை அவர் கைவண்ணம். அவருடைய 'செய்லிங் பை' இப்போதும் ரேடியோ 4இல் நள்ளிரவுக் கப்பல் வானிலை அறிக்கைக்கு முன்னால் வருகிறது. அவர் பெயரும் யாருக்கும் தெரியாது, பார்த்தீர்களா? அதே கதை.

செல்வா_லண்டன்

கோட்ஸின்ர லகூன் அமெரிக்காவில வரிகளோட வந்து 1942இல ஹாரி ஜேம்ஸ் வாசிச்சு முதலிடம் பிடிச்சதெண்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. அங்கயும் சனம் அதை ஹாரி ஜேம்ஸின்ர பாட்டெண்டுதான் சொல்லினம்.

ரேடியோப்பெட்டி

எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்? முகப்பு இசையாக இல்லாத ஏதாவது ஒன்று சொல்லுங்கள்.

நடுவரிசை

'சாக்ஸோ-ராப்சடி', 1936. சாக்ஸபோனை நடனக் குழு வாத்தியம் என்று ஒதுக்கியிருந்த நேரத்தில் சாக்ஸபோன் கலைஞர் சிகுர்ட் ராஷருக்காக எழுதியது, ஃபோக்ஸ்டனில் முதலில் வாசித்தார்கள். மெட்டு நீளமாக, அவசரமில்லாமல் போகும். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்குள் அடங்கிவிடும். அதற்குப் பிறகு 'தி த்ரீ பேர்ஸ்'. ஜான் வில்சன் பி.பி.சி. ஃபில்ஹார்மோனிக்கோடு சமீபத்தில் பதிவு செய்திருக்கும் தொகுதிகள் நல்ல ஒலியில் கிடைக்கின்றன. கோட்ஸே கண்டக்ட் செய்த பழைய தட்டுகளையும் விடாதீர்கள். மற்றவர்கள் குழைகிற இடத்தில் அவர் விறுவிறுவென்று போவார்.

குறுக்குசால்

ராப்சடி கேட்டேன். நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். நடுவில் ஒரு இடத்தில் வயோலாக்கள் கீழே எதையோ முணுமுணுக்கின்றன, நீங்கள் சொன்னதால்தான் காது அங்கே போனது. அணிநடை பற்றிச் சொன்னதில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

நடுவரிசை

மாற்ற வேண்டாம். அடுத்து 'லாங்கம் பிளேஸ்' கேளுங்கள்.